மேற்கு வெயிலில் நிற்கிற டெய்சி எது?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. பாளையங்கோட்டையில் சொந்த வீடு. வாசல் மேற்குப் பார்த்தது. போர்டிகோவுக்குப் பக்கத்தில் முன்சுவரை ஒட்டி இருபது அடி நீளம், மூன்றடி அகலத்துக்கு மண் விட்டு வைத்திருக்கிறோம். உச்சிப் பொழுதுக்கு மேல் பொழுது சாயும் வரை வெயில். டெய்சி மாதிரி இதழ் விரிந்த பூக்கள் என்றால் எனக்குப் பிரியம். போன வருடம் நர்சரியில் நான்கு வெள்ளை டெய்சியும் ஆறு ஜெர்பராவும் வாங்கி வைத்தேன். டெய்சி சித்திரையில் கருகிவிட்டது. ஜெர்பரா ஐப்பசி மழையில் அழுகிவிட்டது. முழங்கால் வலி இருப்பதால் தினமும் குனிந்து வேலை பார்க்க முடியாது. மே மாதம் முழுக்கப் பெங்களூரில் மகள் வீட்டில் இருப்பேன். ஒரு தடவை வைத்தால் வருஷா வருஷம் பூக்கிற, தொந்தரவு இல்லாத செடிகளைச் சொல்லுங்கள். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. ஆற்றுத் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். பி.கு.: இந்தப் பூக்களைச் சாமிக்கு வைக்கலாமா?

பதில்: டீச்சர், நீங்கள் கேட்கிற அத்தனைக்கும் பொருந்துகிற பூ ஒன்று உங்கள் கேட்டுக்கு வெளியே, வாறுகால் (சாக்கடை) ஓரத்தில் இப்போதே பூத்திருக்கும். சின்ன வயதில் தலையைச் சுண்டிவிட்டு விளையாடினோமே, அந்தத் தாத்தாப்பூதான். வெட்டுக்காயப் பூண்டு என்றும் சொல்வோம். அதுவும் டெய்சி குடும்பம்தான். அமெரிக்காவின் வெப்பமான பகுதிகளிலிருந்து வந்து, நம் ரோட்டோரங்களில் யாரும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடாமல் குடித்தனம் நடத்துகிறது. கேலியாகச் சொல்லவில்லை. ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். ஆழமாகப் போகும் வேர், மயிர் அடர்ந்த சொரசொரப்பான இலை, தரையைத் தொடும் கணுவிலெல்லாம் புது வேர். சரளும் குப்பையும் கலந்த, தண்ணீர் நிற்காத இடமாகப் பார்த்து முளைத்திருக்கும். உங்கள் பாத்திக்குச் செடி தேடும்போது இந்தக் குணங்களைத்தான் தேட வேண்டும். நர்சரியில் எது அழகாகப் பூத்திருக்கிறது என்று பார்த்து வாங்கியதில்தான் போன வருடம் பணம் போனது.

முதலில் செத்தவற்றின் கதையைப் பார்த்துவிடுவோம். வெள்ளை டெய்சி என்று நர்சரியில் விற்பது பெரும்பாலும் சாஸ்தா டெய்சி. லூதர் பர்பாங்க் என்பவர் கலிஃபோர்னியாவில் பல வருடம் வெவ்வேறு டெய்சிகளைக் கலப்புச் செய்து உருவாக்கி 1901இல் வெளியிட்டது. அந்த ஊரில் பனி மூடியிருக்கும் சாஸ்தா என்ற மலையின் பெயரையே பூவுக்கும் வைத்தார். பனிமலையின் பெயர் கொண்ட செடியைப் பாளையங்கோட்டையில் மேற்குச் சுவரோரம் வைத்தால் சித்திரையில் வேறென்ன ஆகும்? ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது ஜம்மென்று வரும். நமக்கு வேண்டாம். எக்கினேசியா என்று ஊதா நிறத்தில் ஒன்றைப் படம் போட்டு விதை விற்கிறார்கள். அதற்கும் குளிரில் ஓய்வெடுத்தால்தான் உடம்பு தேறும். அதையும் விட்டுவிடுங்கள். நீல நிற டெய்சி விதை, வானவில் டெய்சி விதை என்று போனில் விளம்பரம் வந்தால் தயவுசெய்து காசு அனுப்பாதீர்கள். பாக்கெட்டில் இருப்பது கீரை விதையாகக்கூட இருக்கலாம்.

ஜெர்பரா விஷயம் வேறு. அது தென்னாப்பிரிக்காச் செடி, வெயிலுக்குப் புதியதல்ல. ஆனால் கடைக்கு வருவது ஓசூர் மாதிரி இடங்களில் பசுமைக்குடிலுக்குள் செல்லமாக வளர்ந்தது. வேரைச் சுற்றி மண்ணுக்குப் பதில் தென்னை நார்க்கழிவு இருக்கும். அதை அப்படியே களிமண்ணில் புதைத்தால் மழைக்காலத்தில் அந்த நார்ப்பந்து பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. இலைகளெல்லாம் கிளம்புகிற கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். செடி ஆடக்கூடாது என்று நாம் பாசமாக மண்ணை அணைத்துக் கழுத்தை மூடிவிடுகிறோம். பத்து நாள் ஈரத்தில் அது குழைந்துவிடும். உங்கள் வீட்டில் இன்னொரு சந்தேகமும் எனக்கு இருக்கிறது. மொட்டை மாடித் தண்ணீர் இறங்குகிற குழாய் அந்தப் பாத்திக்குள்தானே விழுகிறது? கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. ஆனால் முன்சுவரோரம் மண் விட்ட வீடுகளில் பாதிக்கு மேல் இப்படித்தான் பார்த்திருக்கிறேன். குழாய் அங்கேதான் விழுகிறதென்றால், எந்தச் செடியும் வாங்குவதற்கு முன் பிளம்பரைக் கூப்பிட்டு அதை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

வருஷா வருஷம் பூக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அதில்தான் ஒரு குழப்பம். குளிர்நாட்டுத் தோட்டப் புத்தகங்களில் பல்லாண்டுச் செடி என்றால், பனிக்காலத்தில் மேல்பாகம் காய்ந்து, வேர் மண்ணுக்குள் தூங்கி, வசந்தத்தில் மறுபடி துளிர்ப்பது. நமக்குப் பனி ஏது, தூக்கம் ஏது. நம் செடிக்கு வருடத்தில் இரண்டு கண்டம். ஒன்று சித்திரை, வைகாசி வெயில். இன்னொன்று ஐப்பசி, கார்த்திகை ஈரம். இரண்டையும் ஒரே செடி தாண்டினால் அது பல்லாண்டுச் செடி. அது தாண்டாவிட்டாலும், விதை விழுந்து அதே இடத்தில் தானே முளைத்து வந்தால் அதையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். குனிந்து நட வேண்டியதில்லை என்றால் உங்கள் முழங்காலுக்கு இரண்டும் ஒன்றுதானே.

இந்தக் கணக்கில் முதலில் நிற்பது கெய்லார்டியா. சிவப்பு நடுவில் தொடங்கி ஓரத்தில் மஞ்சளாக முடிகிற இதழ். சில செடியில் முழுச் சிவப்பு, சிலதில் முழு மஞ்சள். வட அமெரிக்காவின் வறண்ட வெளிகளிலும் கடலோர மணலிலும் தானாக வளர்கிற பூ இது. ஓக்லஹோமா மாநிலம் தன் காட்டுப்பூவாகவே இதை வைத்திருக்கிறது. அதனால் உங்கள் வெயிலும், லேசான உப்புத் தண்ணீரும் இதற்குப் பெரிய விஷயமல்ல. இரண்டு வகை கிடைக்கும். விதையில் வருகிற நாட்டு ரகம் இரண்டடி வரை உயர்ந்து, ஒரு வருடத்தில் ஆயுள் முடிந்து, விதை கொட்டி மறுபடி வரும். கலப்பில் வந்த பெரிய பூ ரகம் குட்டையாகக் கொத்தாக நின்று இரண்டு மூன்று வருடம் இருக்கும். ஆனால் அதன் கன்று நம் பக்கம் எப்போதும் கிடைக்காது. கிடைத்தால் நான்கு வாங்குங்கள், கிடைக்காவிட்டால் நாட்டு ரகமே போதும். ஆடி நடுவில் ஒரு தட்டில் விதையைத் தூவி, மேலே மண்ணைப் பட்டும் படாமலும் தூவினால் போதும், ஆழப் புதைக்க வேண்டாம். ஆவணிக் கடைசியில் நாற்றைப் பாத்திக்கு மாற்றலாம். கார்த்திகையில் பூ பார்ப்பீர்கள்.

கெய்லார்டியாவைக் கெடுப்பது உரம். சாணி உரமும் பிண்ணாக்கும் அள்ளிப் போட்டால் இலை இலையாக வளர்ந்து காற்றில் சாய்ந்துவிடும், பூ குறையும். ஆனி, ஆடிக் காற்று உங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஏழைமண் செடியை ஏழையாகவே வைத்திருங்கள்.

இந்தப் பூக்களின் அமைப்பைத் தெரிந்துகொண்டால் ஒரு வேலை சுலபமாகும். ஒரு பூ என்று நாம் நினைப்பது ஒரு பூ அல்ல, ஒரு கூட்டம். சுந்தரபாண்டியபுரம் பக்கம் ஆடி, ஆவணியில் சூரியகாந்தி பார்க்கப் போவோமே, அடுத்த தடவை ஒன்றைக் கிட்டத்தில் பாருங்கள். நடுத்தட்டில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் தனித்தனிப் பூ. ஓரத்தில் இதழ் மாதிரி நிற்பதும் ஒவ்வொன்றும் ஒரு பூதான். தட்டுப் பூக்கள் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வட்டம் வட்டமாக, நாளுக்குக் கொஞ்சமாக மலரும். செம்பருத்தி ஒரே நாளில் வாடும்போது இவை ஒரு வாரத்துக்கு மேல் நிற்பது அதனால்தான். நடுவட்டம் முழுக்க மலர்ந்து முடிந்ததும் செடி விதை பிடிக்க ஆரம்பிக்கும். கவனம் விதைக்குப் போனால் புது மொட்டு குறையும். ஆகவே வாடிய தலையை வாரத்துக்கு ஒருமுறை காம்போடு வெட்டிவிடுங்கள். ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பழைய கத்தரியால் செய்கிற வேலை, கால் மணி நேரம் ஆகும். பங்குனி வந்ததும் வெட்டுவதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கடைசித் தலைகள் முற்றி உதிர்ந்தால்தான் அடுத்த வருடக் கன்று உங்களுக்குச் சும்மா கிடைக்கும்.

அடுத்தது நம்ம சிவந்தி. டெய்சியைத் தேடி அமெரிக்காவரை போகிறோம், கதம்பத்தில் இருக்கிறதை மறந்துவிடுகிறோம். அடுக்கு இதழ் இல்லாத ஒற்றைச் சிவந்தி கிடைத்தால் அது பார்க்க அசல் டெய்சியேதான். இது உண்மையான பல்லாண்டுச் செடி. பூத்து முடிந்ததும் தையில் அரைச் சாணுக்கு வெட்டிவிட்டால், தூரிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். ஆனால் தொந்தரவு இல்லாத செடி என்று சொன்னால் நான் பொய் சொன்னவன் ஆவேன். வெட்டிய தூரைக் கோடையில் வெயிலில் விட்டால் காய்ந்துவிடும். நான்கைந்து தூரைத் தொட்டியில் எடுத்துப் பின்பக்கம் முருங்கை நிழலிலோ கிணற்றடியிலோ வைத்துக்கொண்டு, ஆடியில் பக்கக்கன்றுகளைப் பிரித்துப் பாத்தியில் நட வேண்டும். பிரிக்காமல் விட்டால் மூன்றாம் வருடம் பூ பட்டன் அளவுக்குச் சிறுத்துவிடும்.

சிவந்தியில் இன்னொரு சங்கதி. அது பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டு வைக்கிற செடி. நம் ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆனாலும் இரவில் வெளிச்சம் பட்டால் அதன் கணக்குக் குழம்பிவிடும். பசுமைக்குடிலில் பூவைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் ராத்திரியில் பல்பு போடுவார்கள். உங்கள் வீட்டில் அதே வேலையைப் போர்டிகோ விளக்கு செய்யும். திருட்டுப் பயத்துக்கு விடிய விடிய அதை எரிய விடுவீர்கள் என்றால், சிவந்தியை விளக்குப் படாத கோடியில் நடுங்கள். இலை மட்டும் செழித்து, பூ வராத சிவந்தியைப் பற்றி எனக்கு வருகிற புகாரில் சிலது தெருவிளக்கால் வந்ததுதான்.

கோரியாப்சிஸ் என்று ஒன்று உண்டு. சுத்த மஞ்சள், கம்பி மாதிரி காம்பு, கெய்லார்டியாவின் அதே பராமரிப்பு. வேறு சொல்ல ஒன்றுமில்லை. ஆரஞ்சு நிறக் காஸ்மாஸ் விதையை ஒரு பிடி வாங்கி இடைவெளிகளில் தூவிவிடுங்கள். ஒருமுறை வந்துவிட்டால் அதற்கு அப்புறம் அது போகாது, வேண்டாததைப் பிடுங்குவதுதான் வேலை. உங்கள் சொந்தக்காரர் யாராவது திசையன்விளைப் பக்கம் தேரி என்கிற செம்மணல் பூமியில் இருந்தால் அவர்களுக்குக் கசானியாவைச் சொல்வேன். வெயில் ஏறினால்தான் விரியும், சாயங்காலம் மூடிக்கொள்ளும், மணலில் நன்றாக வரும். உங்கள் மண்ணுக்கு வேண்டாம்.

ஏ.சி. தண்ணீரோ, துணி துவைக்கிற தண்ணீரோ ஓடுகிற ஈரமான மூலை இருந்தால் அங்கே மஞ்சள் கரிசலாங்கண்ணி வைக்கலாம். தரையோடு படர்ந்து, சின்னச் சின்ன மஞ்சள் டெய்சி பூக்கும். வீட்டுக்கு ஆகிற மூலிகையும்கூட, ஆனால் பறித்துச் சமைக்கிற எண்ணம் இருந்தால் சோப்புத் தண்ணீர்ப் பக்கம் வைக்காதீர்கள். நர்சரியில் கேட்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. இதே சாயலில், மூன்று மடலாக வெட்டுப்பட்ட பளபளப்பான இலையோடு வெடேலியா என்று ஒன்றைக் கொடுப்பார்கள். உலகிலேயே மோசமாகப் பரவும் நூறு அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இருக்கிற செடி அது. ஒரு வருடத்தில் உங்கள் பாத்தி அதனுடையதாகிவிடும், இரண்டாம் வருடம் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

சரி, மண். வீடு கட்டும்போது போட்டு மேடாக்கிய மண் என்ன மண் என்று தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். ஓரடி அகலம், ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி வற்ற விட்டு, இன்னொரு வாளி ஊற்றுங்கள். இரண்டாவது தண்ணீர் மூன்று நான்கு மணி நேரத்தில் பாதியாவது இறங்கியிருக்க வேண்டும். காலையில் ஊற்றியது சாயங்காலமும் தளும்பி நின்றால் அது கரிசலோ கரம்பையோதான். அப்படியானால் பாத்தியை முக்காலடி உயர்த்தாமல் எதையும் நடாதீர்கள். செம்மண் மூன்று பங்கு, பொடிச் சரளோ பருமணலோ ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி உரம் ஒரு பங்கு போதும். கொத்தனார் புதைத்துவிட்டுப் போன சிமெண்ட் கட்டி, சுண்ணாம்புக் காரை எல்லாவற்றையும் பொறுக்கி எறியச் சொல்லுங்கள். அது கிடந்தால் இலை நரம்பு பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் வெளுக்கும், இரும்புச்சத்தைச் செடியால் எடுக்க முடியாது. உயர்த்திய மண் வீட்டுச் சுவரைத் தொடக்கூடாது. ஓதம் ஏறி உள்ளே பெயிண்ட் உரிந்தால் என்னைத்தான் திட்டுவீர்கள். சுவரிலிருந்து ஓரடி விட்டு, அந்த இடத்தில் ஜல்லியைப் பரப்புங்கள். மாலை நேரத்தில் அந்தச் சுவர் கக்குகிற சூட்டிலிருந்தும் செடி கொஞ்சம் தள்ளி நிற்கும், உங்களுக்கும் நடக்க இடம் கிடைக்கும்.

மிச்சமிருக்கிற இரண்டடி அகலத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை, செடிக்குச் செடி ஓரடி. பன்னிரண்டு கெய்லார்டியா, ஆறு கோரியாப்சிஸ், எட்டுச் சிவந்தி போதும். மீதி இடத்தைக் காஸ்மாஸ் பார்த்துக்கொள்ளும். நட்ட புதிதில் பக்கத்து வீட்டு மயில் வந்து நாற்றைக் கிளறும். முள் வெட்டிப் போட்டு மூடிவையுங்கள், செடி பிடித்த பிறகு அது வராது.

மேடாக்கச் சொல்வதற்கு என் சொந்த அனுபவமும் ஒரு காரணம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. என் வீட்டுப் பாத்தியில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது. தாழ்ந்த பாதியில் இருந்த சிவந்தி ஒன்றுகூட மிஞ்சவில்லை, கெய்லார்டியாவும் கறுத்துப் போனது. மேட்டுப் பாதியில் இருந்தவை தலை குனிந்து நின்று, தையில் நிமிர்ந்தன. மாசியில் பார்த்தால், தாழ்ந்த பாதியிலும் வண்டல் வெடிப்புகளுக்குள்ளிருந்து கெய்லார்டியா நாற்று எட்டிப் பார்க்கிறது. அன்றைக்குத்தான் அந்தச் செடிமேல் எனக்கு மரியாதை வந்தது.

தண்ணீரை எல்லோரும் தினமும் தெளிக்கிறார்கள். அதனால் வேர் மேலாகவே நின்றுவிடுகிறது. பிடித்துக்கொண்ட செடிக்கு வாரம் இரண்டு தடவை, மண் ஒரு சாண் நனைய விட்டால் போதும். நாற்றுக்கும் சிவந்திக்கும் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள். போர் தண்ணீர் மற்றவற்றுக்கு. இலைமேல் படாமல் தூரில் விடுங்கள். உப்புத் தண்ணீர் இலையில் காய்ந்தால் ஓரம் கருகும். மழைக்காலம் முடிந்ததும் மண்ணில் தங்கிய உப்பு ஓரளவு கழுவப்பட்டிருக்கும், அதுவும் மேட்டுப் பாத்தியில்தான் நடக்கும்.

பெங்களூர் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு எல்லாச் செடியையும் பாதி உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். விதை உதிர்ந்திருக்கும், பயப்பட வேண்டாம். இலை குறைந்தால் தண்ணீர்த் தேவையும் குறையும். தேங்காய் உரிமட்டையைக் கவிழ்த்துச் செடிகளுக்கிடையே பரப்புங்கள், தூரைத் தொடாமல். பக்கத்து வீட்டில் யாரையாவது வாரம் ஒரு தடவை ஓஸைத் திறந்துவிடச் சொன்னால் போதும். நீங்கள் வரும்போது ஒன்றிரண்டு போயிருக்கலாம், அதைக் கணக்கில் வைத்துத்தான் இருபத்தாறு சொன்னேன். தொட்டிச் சிவந்தியை மட்டும் அவர்கள் வீட்டு நிழலிலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

பூச்சிக்குப் பெரிதாகப் பயம் வேண்டாம். வெள்ளையாக மாவுப்பூச்சி ஒட்டினால் அந்தக் கிளையை வெட்டிக் கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பார்த்தீனியம் முளைத்தால் பூக்குமுன் கையுறை போட்டுப் பிடுங்கிவிடுங்கள். மாவுப்பூச்சிக்கு அது சத்திரம். அதுவும் இதே குடும்பத்துப் பூதான் என்பது வேறு வேடிக்கை.

சாமிக்கு வைக்கலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்கிற தகுதி எனக்கில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும். சிவந்திக்கு யாரும் தடை சொல்ல மாட்டார்கள். கெய்லார்டியாவை மாலை கட்டுகிறவர்கள் நிறத்துக்காகச் சேர்த்துக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வைப்பதானால் காலையில் பறியுங்கள். பறிக்கும்போது தேனீ உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நடுத்தட்டை அது லேசில் விட்டுக் கிளம்பாது.